பலாவை எண்ணலாம்; முந்திரியை எண்ணுவார்களா?

வருஷம் தவறாமல் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நம் பேராசிரியர்!' சால்வை போர்த்திய படம், கீழே கைதட்டும் பொம்மைகள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதுண்டு. ஊர்க்காரர்களுக்குப் பெருமைதான். ஆனால் எதை வைத்து இந்த 2 சதவீதம் என்று கேட்டால், கைதட்டியவர்களில் பாதிப்பேர் விழிப்பார்கள்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடலூர் முதுநகரிலிருந்து வந்த ஒரு வாசகியின் கேள்வி வேலையைச் சுலபமாக்கிவிட்டது. மகள் எம்.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டாள். பிஎச்.டி. சேர இரண்டு வழிகாட்டிகள் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் தாவரச் சாற்றிலிருந்து நானோ துகள் தயாரிக்கும் ஆராய்ச்சி செய்பவர், எச்-இண்டெக்ஸ் 38. இன்னொருவர் செடிகொடிகளை இனம் கண்டு வகைப்படுத்துபவர், எச்-இண்டெக்ஸ் 9. 'முப்பத்தெட்டு எங்கே, ஒன்பது எங்கே? முதலாமவரிடம் சேரச் சொல்லி வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். மகள் மட்டும் தயங்குகிறாள். யார் சொல்வது சரி?'

ஒரு பெண்ணின் அடுத்த நாலைந்து வருஷ வாழ்க்கை இதில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

சீர்காழியில் ஒரு தொடக்கம்

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவர், 'இந்த விஷயத்தை முன்பே இன்னார் சொல்லியிருக்கிறார்' என்று கட்டுரையின் கடைசியில் பட்டியல் போடுவார். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை ஒருமுறை வந்தால், உங்களுக்கு ஒரு மேற்கோள். ஆங்கிலத்தில் சைட்டேஷன் என்கிறார்களே, அதுதான்.

எழுத்தையும் நூல்களையும் புள்ளிவிவரக் கணக்குக்குள் கொண்டுவரலாம் என்று சொன்ன முன்னோடிகளில் ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். 1948-ல் இங்கிலாந்தில் நடந்த நூலகர் மாநாட்டில், நூலக வேலைகளுக்கும் கணிதமுறை அளவீடு வேண்டும் என்று சொல்லி, அதற்கு 'லைப்ரமெட்ரி' என்று பெயரும் வைத்தார். அவர் அளக்க நினைத்தது நூலகத்தை. ஆளை அளக்கும் வேலை பிறகு வந்தது.

அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர், யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தொகுத்து 1964-ல் ஓர் அட்டவணையை வெளியிட்டார். பழைய கட்டுரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதைத் தொடர்ந்து வந்த கட்டுரைகளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் வழிகாட்டி அது. தேடுவதற்காகச் செய்த அட்டவணையே நாளடைவில் மதிப்பெண் பட்டியலாகிவிட்டது.

எச்-இண்டெக்ஸ்: இரண்டு நிமிடக் கணக்கு

2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கொடுத்த அளவுகோல் இது. ஒருவர் 6 கட்டுரைகள் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். அதிக மேற்கோள் பெற்றதிலிருந்து வரிசைப்படுத்தினால் 40, 22, 9, 6, 3, 1. நாலாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், நாலைவிட அதிகம். ஐந்தாவதுக்கு 3, ஐந்தைவிடக் குறைவு. ஆக இவருடைய எச்-இண்டெக்ஸ் 4. குறைந்தது 4 மேற்கோளாவது பெற்ற 4 கட்டுரைகள் இவரிடம் இருக்கின்றன என்று அர்த்தம். அவ்வளவுதான்.

இன்னொருவர் மூன்றே கட்டுரைகள் எழுதினார். முதலாவதுக்கு 900 மேற்கோள். இரண்டாவதுக்கு 1. மூன்றாவதை யாரும் சீண்டவில்லை. அவருடைய எச்-இண்டெக்ஸ் 1. முதலாமவருக்கு மொத்தமே 81 மேற்கோள்தான் என்றாலும், இந்த அளவுகோலில் அவர்தான் உயரம்.

இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. முப்பது வருஷம் பணியாற்றியவருக்கும் ஆறு வருஷம் ஆனவருக்கும் ஒரே தராசு. ஒரு தனி எண் ஒரு மனிதரின் ஆராய்ச்சியைத் தோராயமாகத்தான் காட்டும் என்று ஹிர்ஷே அப்போது எழுதினார். 2020-ல், தன்னுடைய இந்த அளவுகோல் மோசமான பக்கவிளைவுகளையும் உண்டாக்கக்கூடும் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

முழம் வேறு, கிலோ வேறு

பண்ருட்டிச் சந்தைக்குப் போனால் பலாப்பழத்தை எண்ணி விலை பேசுவார்கள். முந்திரியை எடை போடுவார்கள். வாசலில் பூக்காரம்மா மல்லிகையை முழம் போடுவார். 'பத்து பலா பெரிதா, மூன்று முழம் மல்லிகை பெரிதா?' என்று யாரும் கேட்பதில்லை. ஆராய்ச்சியில் மட்டும் அதைக் கேட்கிறோம்.

துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் மாறுவதற்குக் காரணங்கள் உண்டு. மருத்துவம், பொருளறிவியல் போன்ற துறைகளில் உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் எழுதுகிறார்கள். கட்டுரையின் கடைசிப் பட்டியலும் நீளம். ஒரு கட்டுரையில் பத்துப் பேர் கையெழுத்துப் போடுவதும் சாதாரணம். கணிதத்தில் ஆட்கள் குறைவு, பட்டியல் சின்னது, பெரும்பாலும் ஒருவரோ இருவரோ எழுதுவது. ஒரு கட்டுரையைப் புரிந்துகொண்டு அடுத்தவர் அதன்மேல் கட்டுவதற்கே வருஷக்கணக்கில் ஆகும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்தே உதாரணம் சொல்லலாம். பல்கலைக்கழகம் தொடங்கிய 1929-லேயே அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தவர் எஸ்.எஸ். பிள்ளை. எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று 1940-ல் நிறுவினார். உலகக் கணிதவியலாளர்கள் போராடிக்கொண்டிருந்த 'வாரிங் கணக்கின்' ஒரு பகுதி அது. 1950-ல் அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். 4, 8, 9, 16, 25, 27 என்று வரும் அடுக்கு எண்களுக்கு இடையிலான இடைவெளி பற்றி அவர் வைத்த ஊகம் இன்றைக்கும் தீராத கணக்காகவே இருக்கிறது. கணிதக்காரர்கள் அதைப் 'பிள்ளை ஊகம்' என்றே சொல்கிறார்கள்.

கவனியுங்கள். ஒருவரின் பெயரே பொதுச்சொல் ஆகிவிட்டால், அவருடைய மூலக் கட்டுரையைத் தேடிப் பிடித்துப் பட்டியலில் போடுவது குறைந்துவிடும். புகழ் கூடக்கூட மேற்கோள் எண்ணிக்கை அதே வேகத்தில் கூடுவதில்லை.

அதே பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை வளாகத்துக்கு வாருங்கள். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் கடல் உயிரியல் உயராய்வு மையம். அங்கே பணியாற்றிய பேராசிரியர் கே. கதிரேசன், பிங்காம் என்ற அமெரிக்க ஆய்வாளரோடு சேர்ந்து அலையாத்திக் காடுகள் பற்றி 2001-ல் ஒரு நீண்ட தொகுப்பு எழுதினார். சுமார் 170 பக்கம். பிச்சாவரத்தில் சுரபுன்னைக்கு நடுவே படகில் போயிருப்பீர்களே, அந்த வகைக் காடுகளைப் பற்றி அதுவரை உலகத்துக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் திரட்டித் தந்த வேலை. அலையாத்தி பற்றி எழுதுகிறவர்கள் தேடிப் போகிற கட்டுரைகளில் ஒன்று. இப்படிப்பட்ட தொகுப்புக் கட்டுரைகளுக்கு எந்தத் துறையிலும் மேற்கோள் அதிகம் குவியும். தனிக் கண்டுபிடிப்புக் கட்டுரைக்கு அந்த வசதி இல்லை.

அடுத்து தமிழ். உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்து, பாடம் ஒப்பிட்டு அவர் பதிப்பித்த நூல்கள் இல்லாமல் சங்க இலக்கிய ஆராய்ச்சியே இல்லை. அவரை ஸ்கோபஸ் கணக்கில் போட்டுப் பார்த்தால் என்ன வரும்? அந்தத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களைத்தான் எண்ணுகின்றன. தமிழில் வந்த புத்தகத்தைத் தமிழில் வந்த இன்னொரு புத்தகம் ஆயிரம் முறை மேற்கோள் காட்டினாலும் அங்கே ஒன்றுகூட ஏறாது.

கணக்கில் பூஜ்யம் என்றால் வேலையில் பூஜ்யம் என்று பொருள் இல்லை. தராசு அந்தப் பக்கம் எட்டவில்லை, அவ்வளவே.

அப்படியானால் ஒப்பிடவே முடியாதா?

முடியும். ஒரு கட்டுரை பெற்ற மேற்கோளை, அதே துறையில் அதே வருஷம் வந்த கட்டுரைகளின் சராசரியால் வகுத்துவிடுவது ஒரு வழி. கற்பனைக் கணக்கு ஒன்று. நானோ துகள் கட்டுரைக்கு 45 மேற்கோள். அந்தத் துறைச் சராசரி 30 என்று வைத்துக்கொண்டால் விடை ஒன்றரை. தாவர வகைப்பாட்டுக் கட்டுரைக்கு 12 மேற்கோள். சராசரி 4 என்றால் விடை மூன்று. 45-ஐவிட 12 இங்கே கனமாகிவிட்டது. 2008-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் சிலர் இப்படி வகுத்துப் பார்த்தபோது, வெவ்வேறு துறைகளின் மேற்கோள் பரவல்கள் ஏறக்குறைய ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழு தயாரிக்கும் அந்த 2 சதவீதப் பட்டியலும் இதை ஓரளவு கவனிக்கிறது. விஞ்ஞானிகளை 22 துறைகள், 174 உட்பிரிவுகள் என்று பிரிக்கிறது. மொத்த வரிசையில் முதல் 1 லட்சத்துக்குள் வந்தவர்கள், அல்லது தன் உட்பிரிவில் முதல் 2 சதவீதத்துக்குள் வந்தவர்கள் இதில் இடம்பெறுவார்கள். தன்னைத்தானே மேற்கோள் காட்டியதைக் கழித்த கணக்கும் தனியாக உண்டு. இன்னொரு விஷயம் வாட்ஸ்அப் செய்திகளில் வராது: பட்டியல்கள் இரண்டு. ஒன்று வாழ்நாள் கணக்கு, மற்றொன்று ஒரே ஒரு வருஷக் கணக்கு. அடுத்த முறை சால்வைப் படம் வந்தால், எந்தப் பட்டியல் என்று கேட்டுப் பாருங்கள்.

எண்ணுக்குத் தெரியாத ஒன்று

துறை வித்தியாசத்தைச் சரிசெய்துவிட்டாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. அதற்கு நம் கடற்கரையே சாட்சி.

2004 டிசம்பர் 26. கடலூர் மாவட்டக் கடலோரத்தில் சுனாமி என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு கதிரேசனும் என். ராஜேந்திரனும் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்தார்கள். கரையோரத் தாவரங்களின் பரப்பு, கடலிலிருந்து தூரம், நிலத்தின் உயரம் ஆகியவை கூடக்கூட உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் குறைந்தன என்று 2005-ல் ஓர் அறிவியல் இதழில் எழுதினார்கள். கடலிலிருந்து 1 கிலோமீட்டருக்கு அப்பால், மேடான இடத்தில், அடர்ந்த அலையாத்திக்குப் பின்னால் குடியிருப்பது நல்லது என்பது அவர்கள் யோசனை. அதே வருஷம் இன்னொரு சர்வதேசக் குழுவும் கடலூர் மாவட்டத்தையே ஆராய்ந்து, மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று 'சயின்ஸ்' இதழில் எழுதியது.

அடுத்த வருஷமே கதிரேசன், ராஜேந்திரன் கட்டுரைக்கு எதிர்ப்பு வந்தது. கெர், பேர்டு, கேம்ப்பெல் என்ற மூவர் அதே 18 ஊர்களின் எண்களை மறுபடி கணக்கிட்டார்கள். சம உயரத்திலும் சம தூரத்திலும் இருக்கும் ஊர்களை ஒப்பிட்டால், உயிரிழப்பில் தாவரப் பரப்பால் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். மேட்டிலும் தூரத்திலும் இருந்ததுதான் காப்பாற்றியது என்பது அவர்கள் வாதம். அதே இதழில் வேறு இருவர் இன்னொரு கணக்குப் போட்டு, அலையாத்திக்கும் பங்கு உண்டு என்று மறுமொழி எழுதினார்கள்.

இது வெறும் பேராசிரியர்களின் பட்டிமன்றம் என்று நினைக்காதீர்கள். ஒரு மீனவக் கிராமத்தைப் பாதுகாக்கக் காடு வளர்த்தால் போதுமா, ஊரையே மேட்டுக்கு மாற்ற வேண்டுமா? கேள்வி அதுதான். தப்பான விடைக்கு உயிர்தான் விலை.

இப்போது மேற்கோள் கணக்குக்கு வாருங்கள். அந்த 2005 கட்டுரையை ஆதரித்து எழுதியவர் சேர்த்ததும் ஒரு மேற்கோள். மறுத்து எழுதியவர் சேர்த்ததும் ஒரு மேற்கோள். கூகுள் ஸ்காலருக்கு இரண்டும் ஒன்றுதான். வாழ்த்துக் கடிதத்தையும் கண்டனக் கடிதத்தையும் தபால்காரர் ஒரே கட்டில் போட்டுக் கொடுப்பது மாதிரி. எத்தனை பேர் இந்தக் கட்டுரையைக் கடந்துபோக முடியாமல் நின்றார்கள் என்பதை எண் சொல்லும். அது சரியா, தவறா என்பதை உள்ளே போய்ப் படித்தால்தான் தெரியும். மறுப்பு வந்ததால் கட்டுரைக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர் ஊராகத் தரவு திரட்டி வெளியிட்டதால்தானே மற்றவர்கள் சரிபார்க்க முடிந்தது!

மார்க்குக்காகப் படித்தால்

பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக மட்டும் படித்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆராய்ச்சியிலும் அதே கதைதான். பதவி உயர்வு, கல்லூரித் தரவரிசை எல்லாம் கட்டுரை எண்ணிக்கையோடும் மேற்கோளோடும் கட்டப்பட்டபோது, எண்களைத் தயாரிக்கும் தொழிலும் பிறந்துவிட்டது. தன் கட்டுரையைத் தானே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுவது. 'நீ என்னைப் போடு, நான் உன்னைப் போடுகிறேன்' என்று கூட்டுச் சேர்வது. பணம் கட்டினால் எதையும் அச்சிடும் இதழ்கள். 2018 மே மாதத்தில் யு.ஜி.சி. தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே மூச்சில் 4,305 இதழ்களை நீக்கியது. பிஎச்.டி. முடிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற விதியை 2022-ல் தளர்த்தியது. பிறகு வைத்திருந்த 'கேர்' பட்டியலையும் 2025-ல் கைவிட்டு, இதழ்களின் தரத்தை அந்தந்த நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது.

கட்டுரையில் பெயர் இருப்பதும் ஒரே மாதிரியான உழைப்பைக் குறிப்பதில்லை. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-ல் வந்த இயற்பியல் கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் அவர்களின் நிறுவனங்களும்தான். அத்தனை பேர் கணக்கிலும் அந்தக் கட்டுரை ஏறும். தனியாளாக உட்கார்ந்து பத்து வருஷம் ஒரு சுவடியைப் பதிப்பித்தவர் கணக்கிலும் ஒன்று ஏறினால் அதிர்ஷ்டம்.

முதுநகர் வாசகிக்கும், மற்ற வீடுகளுக்கும்

அம்மா, உங்கள் மகளின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. 38-ம் 9-ம் ஒரே சந்தைச் சரக்கு இல்லை. செடிகளை வகைப்படுத்துகிறவர் ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைத்தால், அந்தச் செடியின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அவர் பெயரும் காலத்துக்கும் ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் கட்டுரையின் கடைசிப் பட்டியலில் அவருடைய வெளியீடு பெரும்பாலும் வராது, மேற்கோளாகவும் ஏறாது. அதற்காக 9 உள்ளவர்தான் நல்லவர் என்றும் நான் சொல்ல மாட்டேன். அதுவும் எண்ணை வைத்து ஆளைத் தீர்மானிப்பதுதானே!

இதைச் செய்யுங்கள். இருவரையும் அவரவர் துறையில், அவரவர் வயதுக்காரர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். கட்டுரைகளில் எத்தனை அவர் முதல் ஆசிரியராகவோ, மாணவரை முதல் ஆசிரியராக வைத்தோ எழுதியவை என்று பாருங்கள். மாணவர் பெயரை முன்னால் விடும் வழிகாட்டி கிடைப்பது பாக்கியம். ஒரே வருஷத்தில் நாற்பது, ஐம்பது கட்டுரை என்றால் கொஞ்சம் யோசியுங்கள். எழுதுவது இருக்கட்டும், அத்தனையையும் படிக்கவாவது நேரம் வேண்டாமா? திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அவரிடம் முன்பு படித்தவர்கள் இரண்டு பேரோடு மகளைப் பேசச் சொல்லுங்கள். எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள், வழிகாட்டி நேரம் கொடுத்தாரா என்று கேட்கட்டும். இந்த மூன்றுக்கும் எந்தத் தரவுத்தளத்திலும் விடை இல்லை.

கடைசியாக, இருவரும் எழுதியதில் தலைக்கு ஒரு கட்டுரையை எடுத்து மகளை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்டுரையைப் படித்தபோது, 'அப்படியானால் இது எப்படி?' என்று அவளுக்கு அடுத்த கேள்வி எழுந்தது என்று கேளுங்கள். கேள்வி எழுந்த பக்கம் அவள் போகட்டும். வீட்டில் மற்றவர்கள் எண்ணைப் பார்க்காமல் கொஞ்ச நாள் சும்மா இருங்கள்.